பச்சைப் புள்ளி

எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் வேனில் வரும். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் அவருக்கு முந்தின நாள் அது வந்து இறங்கும். அவர் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனதும் அதே வேனில் ஏறி அடுத்த பள்ளிக்குப் போய்விடும், வாடகைப் பாத்திரம் மாதிரி. இதைச் சொன்னால் நான் கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்கிறார்கள். கோபம் இருப்பது உண்மைதான். கூட்டிச் சொல்ல இதில் என்ன மிச்சம் இருக்கிறது?

நான் அந்தப் பள்ளியில்தான் படித்தேன். இப்போது அங்கேயே தற்காலிக ஆசிரியை. படித்தது கணக்கு, எடுப்பது அறிவியல். அறிவியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போட மேலே யாருக்கும் மனசு வரவில்லை. "கணக்கே வருது உனக்கு, அறிவியல் வராதா?" என்று தலைமையாசிரியை சாக்பீஸ் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய படத்தை அம்மா வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறாள். மின்கட்டணம் எழுத வருகிறவர்கூட அதைப் பார்க்காமல் போக முடியாது.

அறிவியல் அறையின் சுவரில் ஒரு படம் உண்டு. வெங்காயத்தின் உள்தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தெரிகிற செல்கள். கடைப் பலகை எழுதுகிற பெயின்டர் யாரோ வரைந்தது. செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வரைந்தோம். பச்சைப் பென்சில் இல்லாதவர்கள் இலையைக் கசக்கித் தேய்த்தோம். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கினோம்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒருமுறை அந்த வேன் வந்தது. நிஜ மைக்ராஸ்கோப்பை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கறுப்பு உடம்பு, காலடியில் பெயின்ட் உதிர்ந்த ஓர் இடம், கீழே வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்புகிற சின்ன வட்டக் கண்ணாடி. விழாவுக்கு வருகிறவர் தாமதமானதால் எங்கள் வகுப்பை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்க விட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவள் நெட்டை. வகுப்பில் எப்போதும் முதல் ராங்க் அவள்தான். அவளுக்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் "தெரியுது, தெரியுது" என்று குதித்தார்கள். நெட்டை குனிந்தாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்து, "வெள்ளையா வெளிச்சம் இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்து நான். குனியப் போனேன். வாசலில் விசில் ஊதிவிட்டார்கள். வந்துவிட்டாராம். எங்களை விரட்டி மைதானத்தில் உட்கார வைத்தார்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அது கிடைக்கவில்லை. கல்லூரியில் கணக்கு கிடைத்தது, கணக்கை எடுத்துக்கொண்டேன். தாவரவியல் அறையைத் தாண்டித்தான் எங்கள் வகுப்புக்குப் போகவேண்டும். கதவு திறந்திருந்தால் என் நடை தானாகவே தளரும். உள்ளே ஒருத்தி குனிந்திருப்பாள். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். காதலித்தவன் வீட்டுத் தெருவில் காரணமில்லாமல் நடப்பார்களே, அந்த மாதிரி.

நெட்டை பத்தாவதோடு நின்றுவிட்டாள். அப்புறம் லாரி ஓட்டுகிற என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். "இனி அண்ணின்னு கூப்பிடு" என்று அம்மா என் தலையில் குட்டினாள். அம்மா முன்னால் அண்ணி, அந்தப் பக்கம் போனதும் நெட்டை. "நல்லாப் படிச்சவ, ஏன்டி நின்னே?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "மண்டையில ஏறல, விட்டுட்டேன்" என்பாள். தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு மேல் அவளிடம் ஒரு சொல் வாங்க முடியாது.

இந்த வருடம் மறுபடி வேன் வந்தது. 'மாதிரி ஆய்வுக்கூடத் திறப்பு விழா' என்று வாசலில் பெரிய பேனர். துறையின் உயர் அதிகாரி வருகிறார். அறைக்கு வெள்ளை அடித்தார்கள், செல் படத்தை மட்டும் விட்டுவிட்டு. கேட்டைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் பூசத் தொடங்கினார்கள். வேனிலிருந்து பெட்டிகளை இறக்கியவரைப் பிள்ளைகள் எல்லோரும் லேப் அண்ணன் என்றார்கள். அந்தச் சாமான்களோடேயே ஊர் ஊராகப் போகிறவர். மேஜைமேல் துணி விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். கடைசியாக அதை எடுத்து வைத்தார். கறுப்பு உடம்பு. காலடியில் பெயின்ட் உதிர்ந்த அதே இடம்.

எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கக்கேடு, ஓர் இரும்புச் சாமானைப் பார்த்து.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "அண்ணே, விழா நாளைக்குத்தானே. இன்னிக்கு என் பிள்ளைங்க இதுல பாக்கணும். எல்லாரும் பாக்கணும். ஒருத்தரையும் பாதியில எழுப்பக் கூடாது."

"பாக்கட்டுமே" என்றார்.

"தலைமையாசிரியைகிட்ட கேட்டு..."

"அவங்ககிட்ட எதுக்கு? தாராளமா பாக்கட்டும் டீச்சர். கையை மட்டும் வைக்க வேணாம்னு சொல்லுங்க."

கல்லில் நார் உரிக்கப் போனவளுக்கு வாழை மட்டையே கிடைத்த மாதிரி இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரசாங்கத்தில் எது அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கிறது?

சத்துணவுக் கூடத்தில் இருந்து வெங்காயம் ஒன்றை எடுத்து வந்தேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி உள்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நானும் அதை முதல் தடவையாகத்தான் செய்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "நீங்க பாருங்க டீச்சர் முதல்ல" என்றார்கள். "நான் கடைசி" என்றேன். இத்தனை வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதா? உண்மையில் அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது. இனிமேல் விசில் ஊதுவதற்கு யாரும் இல்லை.

"தெரியுது டீச்சர்!"

"எப்படி இருக்கு?"

"செங்கல் செங்கலா அடுக்கினாப்புல!"

அடுத்தவள் குனிந்தாள். "ஐயோ, சூப்பரா இருக்கு. பச்சைப் புள்ளி கூடத் தெரியுது!"

"எனக்கும் பச்சைப் புள்ளி!"

"எனக்கு நிறைய!"

நான் வரிசைக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாதிரி நான் சந்தோஷமாக இருந்து நாளாகியிருந்தது.

பிறகு குருவி வந்தாள். ஒல்லியாக, ஓர் இடத்தில் நிற்காமல் தத்துகிறவள், அதனால் அந்தப் பெயர். கேள்வி கேட்டுக் கேட்டு என்னைச் சாகடிக்கிறவள். நான் கணக்கு டீச்சர் என்பதை முதல் வாரமே கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். குனிந்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"டீச்சர், வெளிச்சம்தான் இருக்கு."

"சோடாபுட்டி போடுடி!" என்று ஒரு குரல். அறை முழுக்கச் சிரிப்பு.

"நிஜமா டீச்சர். ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்கு."

"எல்லாருக்கும் தெரியுது, மகாராணிக்கு மட்டும் தெரியலையாம்."

"நல்லாப் பாரும்மா" என்றேன் நான். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குருவி மறுபடி குனிந்தாள். இந்தமுறை அவள் நிமிர நேரமானது. நிமிர்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது. சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "தெரியுது டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்து. "பச்சைப் புள்ளி."

பள்ளி விடுகிற மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அறை காலியானது. நான் கொண்டையை அவிழ்த்து மறுபடி கட்டினேன். எதற்கென்று தெரியாது. கல்யாணத்துக்குத் தயாராகிறவள் மாதிரி. குனிந்தேன்.

வெள்ளையாக வெளிச்சம்.

குமிழைத் திருகினேன். ஏற்றினேன், இறக்கினேன். அதே வெள்ளை வட்டம். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் படித்தவள்தானே. பிறகு கண்வைக்கிற மேல்குழாயைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெறும் வளையம். சுண்டுவிரல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கீழே தகட்டை நோக்கி இருந்த சின்னக் குழாய்களும் அப்படித்தான், உள்ளே கண்ணாடி இல்லை.

லேப் அண்ணன் வராந்தாவில் காலிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல லென்ஸ் எங்கே?"

"ஆபீஸ்ல இருக்கு டீச்சர்."

"ஆபீஸ்ல இருந்து என்ன பண்ணுது?"

"பத்திரமா இருக்கு. பீரோவுல பூட்டி வச்சிருக்கு. ஊர் ஊரா சுத்தறப்ப ஒண்ணு உடைஞ்சா யாரு பதில் சொல்றது? நானா, நீங்களா?"

"எப்ப இருந்து?"

"நான் வேலைக்கு வந்ததுல இருந்தே அப்படித்தான்."

"இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூடவா கேட்கல?"

அவர் கயிற்றைப் பல்லால் இறுக்கினார். "எல்லாரும் நல்லா தெரியுதுன்னுதான் சொல்லிருக்காங்க டீச்சர். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் சொல்லிருக்காங்க. தெரியுதுங்கிறவங்ககிட்ட போய் இல்லைன்னு நான் ஏன் சொல்லணும்?"

அவரைத் திட்டுவதற்கு எனக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் வந்தது, எக்கச்சக்கமாக. அதற்குள் திட்ட வேண்டியது அவரை இல்லை என்பதும் புரிந்திருந்தது.

வீட்டில் நெட்டை மெஷினில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போயிருந்தாள். நான் பையைக்கூட இறக்காமல் சொன்னேன். வளையத்துக்குள் விரல் போனதைக் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லாததால் நூல்கண்டின் ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினேன்.

மெஷின் நின்றது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"மண்டையும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பார்த்தால் நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"முதல் ராங்க் எடுக்கறவ. கடைசி பெஞ்சுல இருக்கறவளுக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல" என்றாள். "அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன்டி. நான் இவ்வளவு நாளா உருப்போட்டே வந்திருக்கேன், நிஜமா பாருன்னு சொன்னா எனக்கு வராதுன்னு. அப்புறம் எந்தப் புஸ்தகத்தைத் தொறந்தாலும் அந்த வெள்ளை வட்டம்தான். எங்கப்பா மெஷின்ல உக்காருன்னாரு. உக்காந்துட்டேன். யாரும் என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எதை? நான் முட்டாள்ங்கிறதையா?" ஊசியின் காதில் நூலைக் கோத்தாள். ஒரே முறையில் போனது. "ஊசியை இருட்டுல கொடுத்தாலும் கோத்துடுவேன். ஆனா கண்ணு பாக்கற டாக்டர்கிட்ட மட்டும் இன்னிக்கு வரைக்கும் போனதில்ல. ஆமாம்மா, உனக்குக் கோளாறுதான்னு சொல்லிட்டா?"

ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தால் ஒருத்தியிடமிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"அந்தக் குட்டி கடைசியில என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"பச்சைப் புள்ளி தெரியுதுன்னுட்டா."

நெட்டையின் முகம் மாறியது. "நான்கூட அதைச் சொல்லலையேடி. அவகிட்ட சொல்லிடு. காலையில முதல் வேலையா சொல்லிடு."

"அவகிட்ட சொன்னா வகுப்புக்கே தெரியும். நாளைக்கு விழா, நெட்டை. என் வேலை நீட்டிப்பு அங்க வர்றவங்க கையெழுத்துலதான் தொங்குது. அண்ணன் அனுப்பறதும் நீ தைக்கறதும் அம்மா கூட்டறதும் எதுக்குப் போதும்?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷினை மிதித்தாள். கொஞ்சம் கழித்து, சத்தத்துக்கு நடுவே, "லென்ஸ் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்றாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

மறுநாள் காலையில் குருவியைத் தனியாகப் பிடிக்கலாம் என்று சீக்கிரம் போனேன். பிள்ளைகளை அதற்கும் முன்பே வரச்சொல்லிக் கேட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெயின்டர்கள் கேட்டின் ஒரு பக்கத்தை முடிக்கவில்லை. பழைய பெயின்டைச் சுரண்டிய இடத்தில் அடியில் இன்னொரு நிறம் தெரிந்தது. பச்சை. எனக்கு நன்றாகத் தெரிந்த பச்சை. கேட்டுக்கு அடித்து மிச்சமான பெயின்டில்தான் எங்கள் செல்லுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நாங்கள் இலையைக் கசக்கி வரைந்தோம். அதைத்தான் நேற்று வகுப்பே கண்ணால் பார்த்தது.

தலைமையாசிரியை பட்டுப் புடவையில் வேகமாக வந்தார். "உன் கிளாஸ்ல நல்லாப் பேசறது யாரு? அந்த ஒல்லிப் பொண்ணுதானே? அது மைக்ராஸ்கோப் பக்கத்துல நிக்கட்டும். சார் கேட்டா செல்லைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். சொல்லிக் கொடுத்துடு."

"என்ன சொல்லிக் கொடுக்கட்டும் மேடம்?"

"சுவத்துல இருக்கே, அதைத்தான்."

அதிகாரி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அதுவரை நான் குருவிக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவுமில்லை, உண்மையைச் சொல்லவுமில்லை. ரிப்பன் வெட்டினார். கைதட்டினோம். உள்ளே வந்து, படம் எடுக்கிறவர் சொன்ன பக்கம் திரும்பி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அப்படியே நின்றார். ஃபிளாஷ் அடித்தது. "பிரமாதம்" என்றார். "ரொம்பத் தெளிவா இருக்கு." பக்கத்தில் நின்ற குருவியின் தலையைத் தடவினார். "நீ பாத்தியாம்மா? என்ன தெரிஞ்சுது?"

குருவி என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்கிற பிள்ளையின் பார்வை இல்லை அது. மன்னிப்புக் கேட்கிற பார்வை. சரியான விடை தெரியாதவள் டீச்சரைப் பார்க்கிற பார்வை.

நெட்டை நிமிர்ந்தபோது நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. இப்படித்தான் இருந்திருக்கும்.

"அவ நேத்தே சரியா சொல்லிட்டா சார்" என்றேன். "வெறும் வெளிச்சம். அதுக்கு மேல அதுல ஒண்ணும் தெரியாது. உள்ள லென்ஸ் இல்ல."

குழாயைக் கழற்றி என் விரலை உள்ளே விட்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன். "குருவி, உன் கண்ணு நல்லா இருக்கு. உன் மூளையும் நல்லா இருக்கு. மத்தவங்க எல்லாரும் சுவத்தைப் பாத்துச் சொன்னாங்க. நீதான் இதுல பாத்துச் சொன்னே."

அதிகாரி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புன்னகை அப்படியே இருந்தது. "டீச்சர் ரொம்ப ஆர்வமா இருக்காங்க" என்றார், பக்கத்தில் நின்றவரிடம். "லென்ஸ் இரண்டாம் கட்டத்துல வருது. அதுக்கான உத்தரவு போட்டாச்சு." யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியையும் தட்டினார், கண்ணை என்மேல் வைத்தபடி.

எல்லோரும் போனபின் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?" என்றார். "தெரிஞ்சுதான் என் பிள்ளைங்க ரெண்டையும் காசு கட்டி வேற ஸ்கூல்ல போட்டேன். நாளையில இருந்து வர வேணாம்மா. நாளைக்கு மேல இருந்து சொல்லுவாங்க, அதை நான் இன்னிக்கே சொல்லிடறேன்."

"அப்ப இங்க இருக்கற பிள்ளைங்க?"

அவர் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் சுற்றியது.

பையை எடுக்க அறிவியல் அறைக்குப் போனேன். லேப் அண்ணன் மேஜைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். என் வெங்காயத்தோல் ஒட்டிய கண்ணாடித் தகட்டை மட்டும் துடைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வாசலில் குருவி நின்றாள்.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"டீச்சர், நீங்க நாளையில இருந்து வரமாட்டீங்களாமே."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்." ஜன்னலில் இருந்த தகட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்த்தாள். காய்ந்துபோன தோல், கொசுவின் இறக்கை அளவுக்குக்கூட இல்லை. "லென்ஸ் வச்சா இதுல என்ன டீச்சர் தெரியும்?"

சுவரில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பதினைந்து வருடமாவது படித்திருப்பேன். ஒரு பட்டமும் வாங்கினேன். அந்தப் படத்தைக் கையால் காட்டிவிட்டுப் போவது சுலபமாக இருந்தது.

"தெரியாதும்மா" என்றேன். "நான் பாத்ததே இல்ல."

குருவியின் வாய் திறந்தது. பிறகு சிரித்தாள், என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி. "நிஜமாவா? உங்களுக்கும் ஆசையா டீச்சர்?"

"ரொம்ப."

அவள் தகட்டைத் தன் நோட்டிலிருந்து கிழித்த தாளில் சுற்றினாள். உடையாமல் பைக்குள் எங்கே வைப்பது என்று யோசித்து, புத்தகங்களுக்கு நடுவே செருகினாள்.

"லென்ஸ் வரட்டும்" என்றாள். "நீங்க முதல்ல பாருங்க. நான் பின்னாடி நிக்கறேன்."